ஏற்றப்பட்டவர்களும் ஏறியவர்களும்: கச்சல் தீவுத் தமிழ்க் குடும்பங்களின் பயண வரலாறு

அந்தமான் நிகோபார்த் தீவுகளின் போக்குவரத்து வரலாற்றை எழுதப் புகுபவர் முதலில் எதிர்கொள்ளும் சொல் 'நாடு கடத்தல்'. 1858 மார்ச் 10 அன்று 'செமிராமிஸ்' என்னும் கப்பல் 200 கைதிகளுடன் போர்ட் பிளேரை அடைந்தது. பின்னாளில் 'எஸ்.எஸ். மகாராஜா' கப்பல் கல்கத்தா, சென்னை, இரங்கூன் துறைமுகங்களிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்து சேர்த்தது. ஆங்கிலேயர் சட்டத்தில் இத்தண்டனையின் பெயரே 'டிரான்ஸ்போர்ட்டேஷன்'. பேருந்துக்கும் தொடர்வண்டிக்கும் இன்று வழங்கும் சொல்லின் வேரும் அதுவே. இந்திய தண்டனைச் சட்டத்திலிருந்து அச்சொல் 1955ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகவே நீங்கியது. அடுத்த ஆண்டு, 1956 நவம்பர் 1 அன்று, இத்தீவுகள் ஒன்றிய ஆட்சிப் பகுதியாயின. ஏறத்தாழ ஒரே காலத்தில் தண்டனைச் சொல் சட்டத்தை விட்டு அகன்றது. குடிமக்கள் கட்டணம் செலுத்திப் பயணம் செய்யும் ஆட்சிப் பகுதி ஒன்று பிறந்தது.

தமிழ் இலக்கணம் இவ்வரலாற்றை நோக்க ஒரு கருவி தருகிறது. 'கட' என்னும் வினைக்கு இணை 'கடத்து'. இவ்வாறே ஏறு–ஏற்று, இறங்கு–இறக்கு, திரும்பு–திருப்பு. மரபிலக்கணம் இவற்றைத் தன்வினை, பிறவினை என்று பிரிக்கும். மொழியியலறிஞர் கு. பரமசிவம் தம் ஆய்வில் (1979) இவ்வேறுபாட்டை வேறொரு கோணத்தில் விளக்கினார்: வினையின் விளைவு எழுவாயின் மேலேயே படுகிறதா, வேறொன்றின் மேல் படுகிறதா என்பதே இங்கு அடிப்படை. மூட்டையை ஏற்றுகிறோம், வண்டியில் ஏறுகிறோம். ஆளையும் ஏற்றலாம். அப்போது அந்த ஆள் இலக்கண நிலையில் மூட்டையின் இடத்தில் நிற்கிறார்.

நான் இங்கு எழுப்பும் கேள்வி இதுதான்: ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக 'ஏற்றப்பட்ட' ஒரு மக்கள் கூட்டம் எப்போது, எவ்வாறு 'ஏற'க் கற்றுக்கொண்டது? இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் சான்று, இலங்கை மலையகத்திலிருந்து நிகோபார்க் கூட்டத்தின் கச்சல் தீவுக்கு வந்து குடியமர்ந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள்.

1. தகரச் சீட்டு

19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்குச் சென்ற முதல் தலைமுறையினர் கடலைத் தோணியில் கடந்து, மன்னார்ப் பகுதியிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் இறந்தவர் பலர். 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவையும் தொடங்கப்பட்டபின், இரு கரைகளின் தொடர்வண்டிகளும் ஒரே வழித்தடமாக இணைந்தன. மக்கள் அதைப் 'போட் மெயில்' என்றனர். பயணச்சீட்டு வாங்கக் கூடியவர்களுக்கு அது அக்காலத்தின் மிக நவீனமான பயண வசதிகளுள் ஒன்று.

தோட்டத் தொழிலாளிக்கு அவ்வழித்தடம் வேறுவிதமாக இயங்கியது. 1900களின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டின்படி, ஆள் சேர்க்கப்பட்ட தொழிலாளிக்கு ஒரு தகரச் சீட்டு தரப்பட்டது. அதில் தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டவரை முகாம், கப்பல், தொடர்வண்டி என ஒவ்வொரு கட்டத்திலும் அலுவலர்கள் அடுத்த கட்டத்துக்கு அனுப்புவர். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். மண்டபத்தில், இந்திய மண்ணிலேயே இலங்கை அரசு நடத்திய முகாமில் மருத்துவச் சோதனையும் தனிமைப்படுத்தலும் நிகழும்.

தகரச் சீட்டைச் சுமந்த குடும்பம் வழி அறிய வேண்டியதில்லை. எந்த நிலையத்தில் இறங்குவது, எந்த மொழியில் கேட்பது, எவ்வளவு செலுத்துவது என்ற எந்த அறிவும் அதற்குத் தேவைப்படவில்லை. சீட்டே வழியை அறிந்திருந்தது. பெறுநர் முகவரி ஒட்டிய பொதிக்கும் அக்குடும்பத்துக்கும் நடைமுறையில் வேறுபாடு குறைவு. தோட்டத்தை அடைந்தபின் அக்குடும்பத்தைக் கட்டிவைத்தது 'துண்டு': கங்காணிக்குப் பட்ட கடனைக் குறித்து, கடன் தீராமல் வேறு தோட்டம் செல்ல விடாத தாள். அம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. தகரச் சீட்டு மனிதரை நகர்த்தியது. துண்டு நகர விடாமல் நிறுத்தியது. இரண்டுமே பயணிக்கு உரிமையானவையாக இருக்கவில்லை.

தமிழில் 'போக்குவரத்து' என்பது இரு சொற்கள் இணைந்தது: போக்கு, வரத்து. போவதும் வருவதும் சேர்ந்தால்தான் அது நிறைவுறும். மலையகக் குடும்பங்கள் பலவற்றுக்கு வரலாறு போக்கை மட்டும் தந்தது.

2. 'தாயகம் திரும்பியோர்'

1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அம்மக்களின் பிரதிநிதி ஒருவர்கூட இவ்வொப்பந்தங்களில் கையொப்பமிடவில்லை.

இங்கே என் இலக்கணக் கருவி ஓர் எச்சரிக்கையைக் கோருகிறது. இம்மக்களுக்குத் தமிழில் நிலைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. 'திரும்பு' தன்வினை. விளைவும் செயலும் பயணியிடமே இருப்பதாக அச்சொல் காட்டுகிறது. ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். தாங்கள் ஒருபோதும் கண்டிராத நாட்டுக்குத் 'திரும்பினர்'. பிறவினை நிகழ்வுக்குத் தன்வினைப் பெயர் சூட்டப்பட்டது. ஆகவே ஏடுகளில் 'ஏறினர்' என்றிருப்பதால் அவர்கள் தாமாக ஏறினர் என்று கொள்ள இயலாது. வினைச்சொல்லோடு, அதன் பின்னாலிருந்த அறிவும் விருப்பமும் யாருடையவை என்பதையும் ஆய்வாளர் கேட்க வேண்டும்.

திரும்பிய வழி போன வழியேதான். தனுஷ்கோடி 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்துவிட்டதால், தலைமன்னாரிலிருந்து வந்த கப்பல் இராமேசுவரத்தை அடைந்தது. பாட்டன் தனிமைப்படுத்தப்பட்ட அதே மண்டபம் முகாமில் பேரன் பதிவு செய்யப்பட்டான். கையில் தகரச் சீட்டுக்கு மாறாக இந்தியக் கடவுச்சீட்டும் 'குடும்ப அட்டை'யும் இருந்தன. எந்த மறுவாழ்வுத் திட்டத்துக்கு அக்குடும்பம் ஒதுக்கப்பட்டது என்பது அவ்வட்டையில் குறிக்கப்பட்டிருந்தது. நீலகிரியின் தேயிலைத் தோட்டங்கள், கேரளத்தின் புனலூர்ப் பகுதி, கருநாடகத்தின் சுள்ளியா, புத்தூர் பகுதிகளின் ரப்பர்த் தோட்டங்கள் என அக்குடும்பங்கள் பிரிந்தன. அவற்றுள் ஒரு சிறு தொகுதி மீண்டும் ஒரு கடலைக் கடந்தது.

3. கச்சலுக்கு வழி

கச்சல், போர்ட் பிளேரிலிருந்து ஏறத்தாழ 400 கி.மீ. தெற்கே உள்ள தீவு. நிகோபாரி மக்களின் மண். ஆஸ்திரோ–ஆசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த நடு நிகோபாரி அங்குப் பேசப்படுகிறது. 1960களின் இறுதியில் அங்கு ரப்பர் பயிரிடத் தொடங்கினர். பின்னர் அத்தோட்டம் 1977இல் உருவான அந்தமான் நிகோபார்த் தீவுகள் வன, தோட்ட வளர்ச்சிக் கழகத்தின் கீழ் வந்தது. தோட்டத் தொழில் அறிந்த கைகள் தேவைப்பட்டன; இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் 1970களில் அங்குக் குடியமர்த்தப்பட்டன.

அக்குடும்பங்கள் எதிர்கொண்ட வழியை நிரல்படுத்திப் பார்க்கலாம். மலையகத் தோட்டத்திலிருந்து தொடர்வண்டி நிலையம், தலைமன்னார் வரை தொடர்வண்டி, இராமேசுவரம் வரை கப்பல், மண்டபம் முகாம். தலைநிலத்திலிருந்து தீவுக்குச் செல்வோர்க்குச் சென்னையிலிருந்து போர்ட் பிளேர் வரை ஏறத்தாழ 1,200 கி.மீ. கடல்வழி, மூன்று நாள் அளவு பயணம். அதன்பின் தீவிடைக் கப்பல்: கார் நிகோபார், தெரசா, கச்சல், நன்கவுரி, இறுதியாகக் கேம்பல் விரிகுடா என்று தெற்கே தீவு தீவாக நின்று செல்வது. சில மணி நேரக் கடலை மட்டுமே அறிந்த மலைநாட்டுக் குடும்பத்துக்கு இது வேறொரு உலகம்.

முதல் பயணத்தில் அவர்களை அரசு ஏற்றியது. ஆனால் கச்சலை அடைந்தபின் ஒவ்வொரு தேவைக்கும் தாங்களே ஏற வேண்டியிருந்தது. பெரிய மருத்துவமனை போர்ட் பிளேரில். உயர்கல்வி போர்ட் பிளேரில் அல்லது தலைநிலத்தில். உறவினர் நீலகிரியிலோ மண்டபத்திலோ இலங்கையிலோ. இங்கிருந்துதான் கற்றல் தொடங்குகிறது.

4. என்ன கற்றனர்?

முதலாவது, காலத்தைப் பற்றிய அறிவு. மலையகத் தோட்டத்தில் விடியற்காலைப் 'பெரட்டு' நாளைத் தொடங்கி வைக்கும். தொடர்வண்டிக்கு அச்சிட்ட நேர அட்டவணை உண்டு. தீவுக் கப்பலுக்கு இரண்டும் பொருந்தா. பருவக்காற்று, கடலின் நிலை, கப்பலின் பழுது ஆகியவற்றைப் பொறுத்து அது புறப்படும் நாளே மாறும். எனவே கப்பல் வருகை தீவில் ஒரு 'செய்தி'. போர்ட் பிளேர் வானொலி கப்பல்களின் பயண நிரலை அறிவிக்கும். அரசு வெளியிடும் 'டெய்லி டெலிகிராம்ஸ்' நாளேடு அதை அச்சிடும். வானொலியைக் கேட்கத் தெரிந்தவரே கப்பலில் ஏறத் தெரிந்தவர். அட்டவணையைப் படிப்பதினும் இது நுண்ணிய திறன். அறிவிப்பையும் வானத்தையும் அண்டை வீட்டார் பேச்சையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இரண்டாவது, மொழி. தீவுகளில் வங்காளி, தமிழர், தெலுங்கர், மலையாளி, நிகோபாரி அனைவரையும் இணைப்பது அந்தமான் இந்துஸ்தானி. கைதிக் குடியேற்றத்தில் உருவாகி, பால் இயைபு முதலான இலக்கணக் கட்டுகள் தளர்ந்த பேச்சு வடிவம் அது. பயணச்சீட்டுச் சாளரத்திலும் ஜெட்டியிலும் பேருந்திலும் அதுவே வழங்கும். சிங்களமும் தமிழும் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் நடுவயதில் மூன்றாம் மொழி ஒன்றைப் பயணத்தின் பொருட்டுக் கற்க நேர்ந்தது. மொழியியலாளர் இதைக் கவனிக்க வேண்டும்: வகுப்பறை இந்தியும் கப்பல்துறை இந்துஸ்தானியும் ஒன்றல்ல. புதிதாக வந்த பெரியவருக்கு முதலில் வேண்டியது எழுத்து அறிவன்று; 'எப்போது', 'எங்கே', 'எவ்வளவு', 'இடம் உண்டா' என்னும் நான்கு கேள்விகள்.

சொற்களும் பொருள் மாறின. தலைநிலத் தமிழில் 'பங்க்' என்றால் எரிபொருள் நிலையம் அல்லது பெட்டிக்கடை. தீவுத் தமிழில் அது கப்பலின் மிகக் குறைந்த கட்டண வகுப்பு: அடுக்கடுக்காகப் படுக்கைகள் அமைந்த பெருங்கூடம். இயந்திரம் பூட்டிய சிறுபடகு 'டுங்கி'. இந்தியாவின் நிலப்பரப்பு முழுவதும் 'மெயின்லேண்ட்'. எம்மொழி பேசும் தீவுவாசியும் இச்சொற்களைப் பயன்படுத்துவார். தமிழ்நாட்டை 'மெயின்லேண்ட்' என்று அழைக்கத் தொடங்கும் தமிழர், தம்மைத் தீவிலிருந்து நோக்கத் தொடங்கிவிட்டார்.

மூன்றாவது, உடலறிவு. பங்க் வகுப்பில் காற்று வரும் இடம் எது. குமட்டலுக்கு எதை உண்ணலாம், எதைத் தவிர்க்கலாம். மூன்று நாளுக்குக் குடிநீரையும் உணவையும் எவ்வளவு கொண்டுசெல்வது. துறைமேடை இல்லாத தீவருகே கப்பல் தள்ளி நங்கூரமிடும்போது, குழந்தையை இடுக்கியபடி ஆடும் படகுக்கு எந்த அலையில் காலை வைப்பது. இவை எந்த அரசு ஏட்டிலும் பதிவாகாதவை. ஒரு குடும்பத்தில் மூத்தவரிடமிருந்து இளையவருக்கும், தீவில் முன்பே இருந்தவரிடமிருந்து வந்தவருக்கும் வாய்மொழியாகச் செல்பவை. கடலை அறிந்த நிகோபாரி மக்கள் அருகில் வாழும் தீவில், மலைநாட்டவர் கற்க நிறையவே இருந்தது.

நான்காவது, தாளறிவு. நிகோபார்த் தீவுகள் 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதிக்கு உட்பட்டவை. வெளியார் நுழைய அனுமதிச்சீட்டு வேண்டும். தீவுவாசி அட்டை உடையவருக்குக் கப்பலில் கட்டணச் சலுகையும் உண்டு. அவ்வட்டை ஒரு தொழிலாளர் குடும்பத்துக்குக் கடலைக் கடக்கும் வாய்ப்பையே தீர்மானிக்கிறது. பாட்டனின் தகரச் சீட்டில் தோட்டத்தின் எண் இருந்தது. பேரனின் அட்டையில் அவன் பெயர் இருக்கிறது. இவ்வரலாற்றில் நிகழ்ந்த மாற்றத்தை ஒரே பொருளில் காட்டச் சொன்னால் நான் இவ்விரண்டையும் அருகருகே வைப்பேன்.

5. எளிதாகாத வினா

இதை வெற்றிக் கதையாக முடித்துவிட இயலாது. மூன்று காரணங்கள் உள்ளன.

ஒன்று, நிலம். குடியேறியோர் ஏறக் கற்ற தீவு வேறொரு மக்களின் வாழிடம். காடு திருத்தி ரப்பர் நட்ட முடிவு அரசுடையது. குடியமர்ந்தோருடையதும் அன்று, நிகோபாரி மக்களுடையதும் அன்று. அனுமதிச்சீட்டு முறை ஒரு குடும்பத்தின் உறவினர் வருகைக்குத் தடையாகத் தோன்றலாம். அதே முறை இன்னொரு மக்களின் காப்பரணாகவும் நிற்கிறது. பயண உரிமையைப் பேசும் ஆய்வு, வருவோரைத் தடுக்கும் உரிமையையும் உடன் பேச வேண்டும்.

இரண்டு, 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலையில் மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட தீவுகளுள் கச்சலும் ஒன்று. நிகோபாரி மக்கள் பெருமளவில் மாண்டனர். ஊர்களும் துறைகளும் அழிந்தன. உயிர் பிழைத்தோர் கடற்படைக் கப்பல்களிலும் வானூர்திகளிலும் போர்ட் பிளேர் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஏறக் கற்றவர்கள் மீண்டும் ஏற்றப்பட்டனர். அன்று அது உயிர் காத்தது. பிறவினை எப்போதும் கொடுமையன்று என்பதையும் நினைவில் கொள்வோம். ஆயினும் மூன்றாம் தலைமுறையில் இன்னொரு முகாம், இன்னொரு பதிவேடு என்பது இச்சமூகத்தின் நினைவில் எளிதாகக் கடந்துபோகும் செய்தியன்று.

மூன்று, வேலை. தீவுகளின் காடுகள் குறித்து உச்ச நீதிமன்றம் 2002இல் பிறப்பித்த ஆணைக்குப் பின் வன வளர்ச்சிக் கழகத்தின் வருவாய் சரிந்தது. அதை மூட 2017இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஒரு குடும்பத்தைத் தீவுக்கு அழைத்த தோட்டம் இல்லாதபோது, அத்தீவில் வாழும் காரணம் எது? அரசின் பார்வையில் அக்கேள்வி எழலாம். அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு அக்கேள்வி எழ வேண்டிய தேவையில்லை.

6. ஆய்வு மாணவர்களுக்கு

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அதில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். இவர்கள் ஒரே வழியில் வந்தவர்கள் அல்லர். தண்டனைக் காலத்தில் கடத்தப்பட்டோர், பர்மாவிலிருந்து வந்தோர், இலங்கையிலிருந்து வந்தோர், தமிழ்நாட்டிலிருந்து வேலை தேடி வந்தோர் என ஒவ்வொரு பிரிவினருக்கும் ஒரு கப்பல் வரலாறு உண்டு. ஆனால் மறுகுடியேற்றம் பற்றிய எழுத்துகளில் நாம் காண்பவை பெரும்பாலும் தலைக்கணக்குகள்: எத்தனை பேர் இறக்கப்பட்டனர், எத்தனை குடும்பங்கள் ஒதுக்கப்பட்டன. ஏடுகள் ஏற்று, இறக்கு, அனுப்பு, சேர்ப்பி என்னும் வினைகளில் எழுதப்பட்டவை. அவ்வேடுகளை மட்டும் நம்பும் வரலாறும் அவ்வினைகளிலேயே பேசும்.

மறுபக்க வினைகள் மனிதரிடம் உள்ளன. 1970களில் இருபது வயதோடு கச்சலில் இறங்கிய ஒருவருக்கு இன்று ஏறத்தாழ எழுபது வயதிருக்கும். முதன்முதலில் யாரைக் கேட்டுச் சீட்டு வாங்கினார். வானொலியில் எந்தச் சொல்லைக் காத்திருந்து கேட்டார். எந்தக் கப்பலில் தம் பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார். இந்துஸ்தானியில் பேசிய முதல் வாக்கியம் எது. இக்கேள்விகளுக்குரிய விடைகள் இன்னும் சில ஆண்டுகளே நம்மிடையே இருக்கும். மொழியியல், வரலாறு, சமூகவியல் துறைகளில் ஆய்வுத் தலைப்பைத் தேடும் மாணவர்கள் இதைக் கருதிப் பார்க்க வேண்டுகிறேன். ஒலிப்பதிவுக் கருவியும் பொறுமையும் உரிய அனுமதிகளும் போதும்.

அப்பதிவுகளில் நான் குறிப்பாகத் தேடச் சொல்வது ஒன்று உண்டு. வீட்டை விட்டுப் புறப்படும் தமிழர் 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'போய் வருகிறேன்' என்பார். தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பத்துக்கு இலங்கையிலிருந்த உறவினரிடம் அத்தொடரைச் சொல்ல இயலாமற் போனது. பலர் அவ்வுறவுகளை மீண்டும் காணவே இல்லை. கச்சலில் குடியமர்ந்தபின் போர்ட் பிளேருக்கோ சென்னைக்கோ புறப்பட்ட யாரோ ஒருவர், ஏதோ ஒரு நாளில், அண்டை வீட்டாரிடம் முதன்முதலாக அதைச் சொல்லியிருக்க வேண்டும். எந்த ஆண்டில், எந்தப் பயணத்தில் என்பது எந்தக் கோப்பிலும் இராது. அவர்களைக் கேட்டால்தான் தெரியும்.